உத்தேசத் துரோகி மாரிக்கண்ணன்

ஊசிக்கரிசல் என்கிற ஊர் இந்தியாவில்தான் இருக்கிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்த ஒரு விஷயத்தைக் கண்டுபிடிக்க அரசாங்கத்துக்கு ஒரு தனிப் பிரிவும் ஒரு குழுவும் பதினோரு மாதமும் தேவைப்பட்டன.

சிவகாசிக்கும் ஆமத்தூருக்கும் நடுவில், மெயின் ரோட்டிலிருந்து தொள்ளாயிரம் மீட்டர் உள்ளே போனால் ஊசிக்கரிசல். ஓடைக்கு இந்தப் பக்கம் நாற்பத்தாறு வீடு, அந்தப் பக்கம் எட்டு வீடு. ஒரு காலத்தில் அடுத்தவர் காட்டில் களையெடுத்த ஜனம், இப்போது பட்டாசுக் கம்பெனிகளில் வேலை பார்க்கிறது. கம்பெனி வேன் காலையில் மெயின் ரோட்டில் வந்து நிற்கும். ஊருக்குள் வராது. வந்தால் திரும்பிப் போக முடியாது என்பது டிரைவருக்குத் தெரியும்.

ரோடு இல்லாததற்குக் காரணம் யாருடைய சோம்பலும் இல்லை. எல்லாம் முறைப்படி நடந்ததுதான். ஊர், மேலக்காடு ஊராட்சி ஒன்றியத்தில் இருந்தது. ஊருக்குப் போகிற வண்டிப்பாதை, கீழக்காடு ஊராட்சி ஒன்றியத்தில் இருந்தது. ஊர் எங்களுடையதுதான், ஆனால் பாதை எங்கள் எல்லையில் இல்லை என்று மேலக்காட்டு ஆபீசில் சொன்னார்கள். பாதை எங்களுடையதுதான், ஆனால் அது போய்ச் சேருகிற ஊர் எங்களுடையது இல்லை, அடுத்த ஒன்றியத்து ஊருக்கு நாங்கள் எதற்கு ரோடு போடவேண்டும் என்று கீழக்காட்டு ஆபீசில் கேட்டார்கள். இரண்டு பேர் சொன்னதும் விதிப்படி சரி. இந்த இரண்டு சரிகளுக்கும் நடுவில் ஐப்பசி மாதமானால் முழங்கால் அளவுக்குச் சேறு கிடக்கும்.

இரண்டு வருசத்துக்கு முன்னால் அந்தச் சேற்றில்தான் சீனிச்சாமியைக் கட்டிலில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஓடைக்கு அந்தப் பக்கத்து ஆள். கம்பெனி வெடிவிபத்தில் உடம்பெல்லாம் வெந்து ஆஸ்பத்திரியில் கிடந்து, தேறிவிட்டான் என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு மழை நாளில் மூச்சு முட்டியது. ஆம்புலன்ஸ் மெயின் ரோட்டில் வந்து நின்றது. கட்டில் அங்கே போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆனது. கட்டிலின் முன்கால் ஒன்றை மாரிக்கண்ணன் பிடித்திருந்தான், பின்கால் ஒன்றை சீனிச்சாமியின் மனைவி ராமுத்தாய் பிடித்திருந்தாள். சீனிச்சாமியின் உயிர் பாதி வழியிலேயே போய்விட்டது ரோட்டை அடைந்த பிறகுதான் அவர்களுக்குத் தெரிந்தது.

மாரிக்கண்ணன் முன்னாள் வார்டு மெம்பர். பதவிக்காலம் முடிந்தாலும் பட்டம் போகவில்லை. அன்றிலிருந்து அவன் மனு எழுத ஆரம்பித்தான். எங்களை மேலக்காடு ஒன்றியத்திலிருந்து பிரித்து, கீழக்காடு ஒன்றியத்தில் சேர்த்துவிட்டால் ஊரும் பாதையும் ஒரே ஆபீசுக்குள் வந்துவிடும், பிறகு ரோடு போடாமல் இருக்க அவர்கள் வேறு காரணம் யோசிக்க வேண்டியிருக்கும் என்பது அவன் கணக்கு. பதிமூன்று மனு கொடுத்தான். பதிமூன்று ரசீது வந்தது. ஒவ்வொன்றிலும் "தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது" என்றிருந்தது. ரசீதுகளை ஒரு மஞ்சப்பையில் போட்டு ஆணியில் மாட்டி வைத்தான்.

பதினான்காவது மனுவைக் கொடுக்கும்போது அவனுக்குப் பொறுமை இல்லை. மகள் ஓவியா பிரசவத்துக்கு வீட்டுக்கு வரப்போகிறாள், டாக்டர் சொன்ன தேதி ஐப்பசி கடைசி. தலைப்பிரசவம். அந்தக் கட்டிலை இவன் இன்னும் மறக்கவில்லை.

இப்போதெல்லாம் மனுவைக் கம்ப்யூட்டரில்தான் பதிய வேண்டும். பஸ் ஸ்டாண்டு பக்கம் சோலைமலை என்பவர் கடை போட்டு எல்லோருக்கும் பதிந்து கொடுக்கிறார். கோரிக்கைச் சுருக்கம் என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் ஒரு வரிக்கு மேல் ஏறவில்லை. சோலைமலை மேலக்காட்டை வெட்டினார், கீழக்காட்டை வெட்டினார், ஊராட்சியை வெட்டினார். கடைசியில் கட்டத்துக்குள் அடங்கியது இதுதான்: "ஊசிக்கரிசல் கிராமம் ஒன்றியத்திலிருந்து பிரிந்து செல்ல அனுமதி கோருதல். இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள மாரிக்கண்ணன்."

ஒன்றியம் என்றால் ஊசிக்கரிசலில் ஒரே பொருள்தான். யூனியன் ஆபீசு, அதன் வாசலில் வாடகைக்கு நிற்கும் ஜெராக்ஸ் கடை. ஆனால் மாவட்டத் தலைமையிடத்தில் இருக்கிறவர்கள் டிவி பார்க்கிறார்கள். டிவியில் ஒன்றியம் என்றால் டெல்லி.

மூன்றாம் நாளே ஜீப் வந்தது. பாதையில் பாதி தூரம் வந்து, முந்தின ராத்திரி மழையில் ஊறிய கரிசலில் புதைந்தது. அதிலிருந்து இறங்கியவர் பெயர் தனுஷ்கோடி. பிரிவினைத் தடுப்புப் பிரிவின் தனி அலுவலர். அந்தப் பிரிவு முந்தாநாள்தான் ஆரம்பிக்கப்பட்டது. வேலை அதிகமாக இருக்கும் என்று கருதி, ஆரம்பித்த அன்றே அதை அ பிரிவு, ஆ பிரிவு என்று இரண்டாகப் பிரித்திருந்தார்கள். இவர் அ பிரிவு. ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தே ஊருக்குள் வந்தார். நாற்பது வருசத்தில் ஊசிக்கரிசலுக்குள் வந்த முதல் கெஜட்டட் அதிகாரி அவர். ஊரே திரண்டு வந்து அவர் காலைக் கழுவத் தண்ணீர் கொடுத்தது. அதை அவர் தன் குறிப்பில், "விசாரணை அலுவலரை மக்கள் சூழ்ந்துகொண்டனர்" என்று எழுதினார்.

"ஊர்ல என்ன தொழில் பண்றீங்க?"

"வெடி சார்" என்றான் மாரிக்கண்ணன்.

"விவரமாச் சொல்லுங்க."

"இந்தத் தெரு பூராம் அணுகுண்டு. அந்தத் தெருவுல பாதிப் பேரு ராக்கெட்டு. நான் மருந்துக் கலவை ரூமு."

தனுஷ்கோடிக்குச் சொந்த ஊர் சாத்தூர் பக்கம். ஒவ்வொரு தீபாவளிக்கும் அவர் வீட்டுக்குப் பத்துப் பெட்டி வெடி அன்பளிப்பாக வருகிறது. அணுகுண்டு என்றால் பச்சைச் சணல் சுற்றிய வெடி என்பது அவருக்குத் தெரியாதது இல்லை. ஆனால் விசாரணையில் தெரிந்ததை எழுதக் கூடாது, சொன்னதைத்தான் எழுத வேண்டும். அப்படியே எழுதிக்கொண்டார்.

"சரக்கெல்லாம் யாருக்குப் போகுது?"

"எல்லாம் வடக்கதான் சார். டெல்லிக்கு மட்டும் லோடு போகாது. அங்கன வெடிக்கக் கூடாதுன்னு நிப்பாட்டிட்டாக."

அறிக்கை ஒரு வாரத்தில் போனது. ஊர் மக்களில் வயது வந்தோர் அனைவரும் வெடிபொருள் கையாளப் பயிற்சி பெற்றவர்கள், அணுகுண்டு மற்றும் ராக்கெட் உற்பத்தி நடைபெறுகிறது, டெல்லியுடனான தொடர்பு ஏற்கனவே துண்டிக்கப்பட்டுள்ளது, கிராமத்தை வாகனத்தில் அணுக இயலாதபடி இயற்கை அரண் அமைந்துள்ளது என்று அதில் கண்டிருந்தது. இயற்கை அரண் என்றது சேற்றை.

அறிக்கையைப் படித்த மேலிடம் திடுக்கிட்டது. ஜீப் போக முடியாத ஊரில் எப்படிக் கண்காணிப்பது, அவசரமென்றால் எப்படிக் கைது செய்வது என்று கேட்டது. கேள்வி நியாயமானது. உடனே எல்லைப்புறச் சாலை என்ற தலைப்பில், முதன்மைச் சந்தேக நபரின் வீட்டு வாசல் வரை தார் ரோடு போட உத்தரவானது. நாற்பது வருசமாக ஊர் யாருடையது, பாதை யாருடையது என்று அளந்துகொண்டிருந்த இரண்டு ஒன்றியங்களும் இப்போது ஒன்றும் பேசவில்லை. நாட்டுக்கு ஆபத்து என்றால் மேலக்காடாவது, கீழக்காடாவது. ஒன்பதாம் நாள் ஜல்லி லோடு வந்து இறங்கியது.

ரோட்டோடு மற்றதும் வந்தது. சந்தேக நபர்களின் நடமாட்டத்தைப் பார்க்கத் தெருவிளக்குப் போட்டார்கள். கேமரா வைத்தார்கள், கேமராவுக்குக் கரண்டு வேண்டும் என்பதால் கரண்டு போவது நின்றது. ஒருமைப்பாட்டு உணர்வை ஊட்டுவதற்கு ஒரு பெரிய அட்டைப் படம் நட்டார்கள். அதில் இந்திய வரைபடம் வரைந்து, தெற்கு மூலையில் தலையை நுழைக்க ஓட்டை வைத்து, கீழே "நான் பிரியேன்" என்று அச்சடித்திருந்தார்கள். எந்த ஆபீசர் வந்தாலும் முதலில் அதில் தலையை நுழைத்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டுதான் வேலையைப் பார்த்தார். அந்த மாவட்டத்தில் அப்போது அதுதான் நாகரிகம். ஊரைக் கூட்டி வைத்து, நாங்கள் இந்தியாவில் இருக்கிறோம் என்று வாரம் ஒருமுறை உறுதிமொழி எடுக்கச் சொன்னார்கள். ஜனங்களும் வேலை முடிந்து வந்த அலுப்போடு நின்று சொன்னார்கள். முடிந்ததும் சுண்டல் கொடுத்தார்கள்.

ரோடு சரியாகப் பாதி வந்திருந்தபோது தனுஷ்கோடி தனியாக வந்தார். மாரிக்கண்ணனை ரோடு ரோலருக்குப் பின்னால் அழைத்துப் போனார். முகம் வாடியிருந்தது.

"மெம்பரே, மேல யாரோ ஒரு புத்திசாலி குறிப்பு எழுதிட்டான். நீங்க சொன்னது எந்த ஒன்றியம்னு கேக்குறான்."

மாரிக்கண்ணன் ரோலரைப் பார்த்தான். இந்த இரண்டு மாதத்தில் அவனும் அரசாங்கத்தைப் பற்றிக் கொஞ்சம் படித்திருந்தான்.

"ஊராட்சி ஒன்றியம்னு சொன்னா என்னாகும் சார்?"

"சாதாரண மனுவாயிரும். ஃபைல் பழைய எடத்துக்குப் போயிரும். ரோடு இந்தா நிக்குதுல்ல, இங்கனயே நின்னுரும்."

"இந்திய ஒன்றியம்னு சொன்னா?"

"அது தேசத் துரோகம்யா."

"அதுக்கு?"

"ஆயுள் வரைக்கும் உள்ள வைக்கலாம். ஆனா ரோட்டைப் போட்டு முடிச்சிருவாங்க."

மாரிக்கண்ணன் பொய் சொல்லத் தெரியாதவன் இல்லை, ஆனால் இவ்வளவு பெரிய பொய்யைச் சொல்லிப் பழக்கமில்லை. ஓவியா வந்து ஒரு மாதமாகிறது. நடக்கும்போது இடுப்பில் கை வைத்துக்கொள்கிறாள். மேற்கே மேகம் கட்ட ஆரம்பித்துவிட்டது. அவனுக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது, கோபமும் வந்தது.

"சார், பிரிஞ்சு போறேன்னு சொன்னா அது துரோகமா?"

"பின்ன?"

"பிரியணும்னா மொதல்ல சேந்திருக்கணும்ல சார். எங்களை நீங்க எப்பச் சேத்தீக?"

தனுஷ்கோடி பேனாவை மூடினார். இந்தக் கேள்வி தன்னுடைய கேள்விப் பட்டியலில் இல்லை, அதனால் இது தன் காதில் விழவில்லை என்று சொன்னார். உண்மையில் அவருக்கும் ஒரு சங்கடம் இருந்தது. பிரிவினை இல்லையென்றால் பிரிவினைத் தடுப்புப் பிரிவும் இல்லை. அவருக்கு ஜீப்பும் இல்லை, வெயில் காலத்தில் ஏசி அறையும் இல்லை. பழையபடி முதியோர் பென்சன் பிரிவில் ஃபேன் ஓடாத மூலைக்குப் போக வேண்டும்.

இரண்டு பேருமாகக் கல்லின் மேல் உட்கார்ந்து யோசித்தார்கள். கடைசியில் தனுஷ்கோடியின் இருபத்தாறு வருச அனுபவம் கை கொடுத்தது. துரோகம் செய்கிறவன் அனுமதி கேட்க மாட்டான். இவனோ அனுமதி கேட்டிருக்கிறான், அதுவும் முறையான படிவத்தில். கையெழுத்துக்கு மேலே தங்கள் உண்மையுள்ள என்று வேறு போட்டிருக்கிறான். உண்மையுள்ளவன் செய்கிற துரோகத்துக்குச் சட்டத்தில் தலைப்பே கிடையாது. ஆகவே, எந்த ஒன்றியம் என்பது ஒருபுறம் இருக்க, கீழ்ப்படிதலோடு பிரிந்து செல்லக் கோருவது துரோகம் ஆகுமா ஆகாதா என்பதை முதலில் ஒரு குழு அமைத்து முடிவு செய்ய வேண்டும் என்று அவர் பதில் எழுதினார். குழு முடிவு சொல்லும்வரை மாரிக்கண்ணனைக் கைது செய்ய முடியாது, நிரபராதி என்று விடவும் முடியாது. கோப்பில் அவனுக்கு உத்தேசத் துரோகி என்று பெயர் வைக்கப்பட்டது.

வீட்டில் போய் விஷயத்தைச் சொன்னான். மனைவி குருவம்மாள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். ரோடு வாசல் வரைக்கும் வந்துவிடுமா என்று மட்டும் கேட்டாள். வந்துவிடும் என்றான்.

"அப்பச் சரி. ஜெயிலுக்குப் போறதா இருந்தாலும் பிள்ள பெத்தப்பறம் போங்க" என்றாள்.

புரட்டாசி முடிவதற்குள் தார் ரோடு மாரிக்கண்ணன் வீட்டு வாசலுக்கு வந்து நின்றது. அங்கிருந்து ஓடைக்கு நூற்றிருபது மீட்டர். ஓடைக்கு அந்தப் பக்கத்து எட்டு வீட்டுக்காரர்களும் வந்து, இன்னும் கொஞ்சம் இழுத்து ஒரு சின்னப் பாலமும் போட்டால் புண்ணியமாகப் போகும் என்று என்ஜினியரிடம் கேட்டார்கள். அவர் கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு வருத்தத்தோடு தலையை ஆட்டினார். அந்த எட்டு வீட்டுக்காரர்கள் பேரில் அரசாங்கத்துக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

ஐப்பசி இருபத்து மூன்றாம் தேதி, நல்ல மழையில், பகல் பதினோரு மணிக்கு ஓவியாவுக்கு வலி எடுத்தது. ஆம்புலன்ஸ் பன்னிரண்டு நிமிசத்தில் வாசலில் வந்து நின்றது. டிரைவர் ஹாரன்கூட அடித்தான். குடை பிடித்துக்கொண்டு ஓடையைக் கடந்து வந்த ராமுத்தாய்தான் ஓவியாவை ஒரு கையில் தாங்கி ஏற்றிவிட்டாள். வண்டி போன பிறகும் அந்த ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம். மாரிக்கண்ணன் ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்து ஏங்கி ஏங்கி அழுதான். இருக்கன்குடி மாரியம்மனுக்குக் கிடா வெட்டுவதாக வேண்டிக்கொண்டான்.

நல்ல செய்தி நாலு ஊருக்குப் பரவாமல் இருக்குமா? ரோடு இல்லாத ஊர்க்காரர்கள், தண்ணீர் வராத ஊர்க்காரர்கள் எல்லாம் சோலைமலை கடையில் வரிசையில் நின்றார்கள். அந்த ஒரு வரியை அப்படியே போட்டுக் கொடுங்கள் என்றார்கள். எம். புதுப்பட்டிப் பக்கத்திலிருந்து மட்டும் ஒன்பது குக்கிராமம் பிரிந்து செல்ல அனுமதி கேட்டது. பஸ் நிற்காமல் போகிறது என்பதற்காக ஒரு தெரு தனியாகக் கேட்டது. தை மாதத்துக்குள் மனுக்கள் முந்நூறைத் தாண்டின.

இப்போதுதான் அரசாங்கம் உண்மையில் பயந்தது. நாடு துண்டாகிவிடும் என்று இல்லை, முந்நூறு ரோடு போட வேண்டியிருக்குமே என்று. குழு அவசரமாகக் கூடி, கீழ்ப்படிதலோடு பிரிந்து செல்லக் கோருவது துரோகம் ஆகாது என்றும் அது ஒரு சாதாரண கோரிக்கை என்றும் தீர்மானித்தது. பிரிய விரும்பும் கிராமங்கள் இனி உரிய படிவத்தில், இரண்டு நகல்களுடன் விண்ணப்பிக்கலாம். முந்நூறு ஊருக்கும் ஒரே நாளில் ரசீது போனது. தங்கள் பிரிவினை பரிசீலனையில் உள்ளது.

ஊசிக்கரிசல் இந்தியாவில் இருப்பதாக ஆனி மாதம் முறைப்படி அறிவித்தார்கள். விசுவாசமான ஊருக்குக் கண்காணிப்பு எதற்கு என்று கேமராவைக் கழற்றிக்கொண்டு போனார்கள். தெருவிளக்கு பல்புகளும் கூடவே போயின. தார் ரோட்டைக் கழற்ற வழியில்லாததால் அது கிடந்தது. தனுஷ்கோடி முதியோர் பென்சனுக்குத் திரும்பினார். உத்தேசத் துரோகியாக நாட்டுக்கு ஒத்துழைத்ததற்காக மாரிக்கண்ணனுக்குக் கிராம ஒருமைப்பாட்டு ஒருங்கிணைப்பாளர் என்ற கௌரவப் பதவியும், ஒரு ரப்பர் ஸ்டாம்பும், பிளாஸ்டிக் நாற்காலியும் கொடுத்தார்கள். அவன் அந்த நாற்காலியை ரோடு முடிகிற இடத்தில், வாசலிலேயே போட்டுக்கொண்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ராமுத்தாய் வந்தாள். பேத்தி அவன் மடியில் இருந்தது. ஐப்பசி வருவதற்குள் ஓடைப் பாலத்துக்கு எழுதிப் போட்டீங்களா அண்ணே என்று கேட்டாள். இதோடு நாலாவது தடவை கேட்கிறாள். முன்னால் மூன்று தடவை அவள் எழுதிக்கொண்டு வந்த தாளை வாங்கி அவன் மஞ்சப்பையில் போட்டிருந்தான். மேலே பேசிக்கொண்டிருக்கிறேன் என்றான். யாரிடம் பேசுகிறான் என்று அவனுக்கே தெரியாது.

ராமுத்தாய் கையிலிருந்த தாளை நீட்டினாள்.

"அப்ப ஒண்ணு செய்ங்கண்ணே. எங்க எட்டு வீட்டையும் ஊசிக்கரிசல்ல இருந்து பிரிச்சு விட்ருங்க. நாங்க தனியா எழுதிப் பாத்துக்கிறோம்."

மாரிக்கண்ணனுக்குச் சுருக்கென்றது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"என்ன பேச்சுப் பேசுற நீ? ஊரு ஒத்துமையா இருக்கு. இந்த நேரத்துல பிரியறேன்னு சொன்னா அதுக்குப் பேரு என்ன தெரியுமா? துரோகம்."

"யாருக்குண்ணே?"

குழந்தை சிணுங்கியது. மாரிக்கண்ணன் அவள் நீட்டிய நாலாவது தாளை வாங்கினான், படிக்காமல் மடித்தான், பின்பக்கம் ரப்பர் ஸ்டாம்பைக் குத்தினான்.

"வச்சிட்டுப் போத்தா. பரிசீலனையில இருக்கு" என்றான்.

அவள் தார் ரோடு முடிகிற இடத்தில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஓடைப் பக்கம் நடந்தாள்.